சிங்கப்பூரில் இரண்டே நாள்: எந்த அரும்பொருளகத்தில் எதைப் பார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது முதல் பார்வைக்கு ஒரு பட்டியல்தான். நான்கு பேர் சிங்கப்பூர் வருகிறீர்கள், மியூசியத்துக்கும் ஆர்ட் கேலரிக்கும் இரண்டு நாள் ஒதுக்க முடியும், எங்கெங்கே போகலாம் என்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி அதற்குக் கீழே எழுதியிருக்கும் சில வரிகளில் இருக்கிறது. போன விடுமுறையில் வேறொரு ஊரில் பெரிய மியூசியம் ஒன்றுக்குப் போய், ஒரு மணி நேரத்தில் கால் கடுத்து, பத்து வயது மகள் சிணுங்க ஆரம்பித்து, வெளியே வந்தபோது யாருக்கும் எதுவும் நினைவில் இல்லை என்கிறீர்கள். "மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கலந்து வாழும் ஊர் என்கிறார்களே, அந்தக் கலப்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எங்கே பார்க்கலாம்" என்றும், கண்ணாடிக்குள் சாமி சிலையைப் பார்த்தால் மாமனார் சங்கடப்படுவார், என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பட்டியலை விட இவைதான் நல்ல கேள்விகள். அதனால் பதிலும் கொஞ்சம் நீளம்.

நான் இங்கே பல ஆண்டுகளாகத் தன்னார்வ வழிகாட்டியாக இருப்பவன். பயிற்சி எடுத்து, வாரத்தில் ஒரு நாள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு அரங்கு அரங்காகச் சுற்றுகிறவன். பானை, வெண்கலம், துணி, பழைய ஓவியம் இவற்றைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். சமகாலக் கலை என் பக்கம் அல்ல. அதற்கென்றே சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்குக் கட்டடத்தில் இருக்கிறது, அதில் ஆர்வம் இருந்தால் வேறு யாரையாவது கேளுங்கள். கல்வெட்டு படிக்கவும் எனக்குத் தெரியாது. இது ஏன் முக்கியம் என்று கீழே ஒரு கல்லைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே இந்தியருக்கு ஒரு மரபுடைமை நிலையம், மலாய்க்காரருக்கு ஒன்று, வெளியிலிருந்து வந்த வணிகரும் உள்ளூர்ப் பெண்களும் மணந்து உருவான கலப்புச் சமூகமான பெரனாக்கான்களுக்கு ஓர் அரும்பொருளகம், சீனர் வரலாற்றுக்குச் சில இடங்கள் என்று பெயர்ப்பலகைகள் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் என்று திட்டம் போட்டால், மூன்று நான்கு இனங்களைத் தனித்தனி அறையில் பார்த்துவிட்டு ஊர் திரும்புவீர்கள். நீங்கள் தேடும் கலப்பு கட்டடத்தின் பெயரில் கிடைக்காது. உள்ளே இருக்கும் பொருள்களில்தான் கிடைக்கும். ஒரு பொருளின் முன் நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தது யார், யாருக்காகச் செய்தார்கள், இது இங்கே எப்படி வந்து சேர்ந்தது? மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு ஊர் பதிலாக வந்தால், அந்தப் பொருளின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். ஒரே ஊர் வந்தால், அழகைப் பார்த்துவிட்டு நகரலாம். இந்த வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களை விடக் கறாராகச் செய்வார்கள்.

ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால், யோசிக்காமல் ஆசிய நாகரிக அரும்பொருளகம். சிங்கப்பூர் ஆற்றின் வாய்க்கு அருகில், எம்பிரஸ் பிளேஸ் என்னும் 1860-களின் அரசாங்க அலுவலகக் கட்டடத்தில் இருக்கிறது. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி கேவனா பாலத்தைக் கடந்தால் வாசல். அந்தப் பாலத்தின் முனையில், குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட வண்டிகளும் ஆடுமாடு குதிரைகளும் போகக் கூடாது என்று எச்சரிக்கும் பழைய பலகை இன்னும் நிற்கிறது, மாமனார் ரசிப்பார்.

தரைத்தளத்திலேயே தாங் கப்பல் அரங்கு (தாங் என்பது அக்காலச் சீன அரச வம்சம்). 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவுக்கு அருகே கடல் அட்டை எடுக்க மூழ்கியவர்கள் கண்ணில் பட்ட கப்பல் இது. ஏறத்தாழ 60,000 பொருள்கள் கிடைத்தன. பெரும்பாலானவை சீனாவின் சாங்ஷாச் சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். பெரிய சாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி வந்திருக்கின்றன. அப்படியே அடுக்கிய ஒரு சாடியைத் தேடிப் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் தேதியையே கீறி வைத்திருக்கிறார்கள், அது கி.பி. 826-க்குச் சரியாக வருகிறது. நம் ஊரில் பல்லவர் ஆண்டுகொண்டிருந்த காலம். தங்கக் கிண்ணத்தின் முன்தான் கூட்டம் நிற்கும். நீங்கள் அங்கே ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, ஐந்து வெள்ளிக்குக்கூட (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) யாரும் வாங்க மாட்டார்கள் போலத் தெரியும் அந்தப் பழுப்புக் கிண்ணங்களுக்குத் திரும்பி வாருங்கள். கிட்டத்தில் குனிந்து பார்த்தால், ஒன்றில் பறவை, ஒன்றில் மீன், ஒன்றில் தாமரை. சிலவற்றில் அரபு எழுத்து மாதிரியே கோடுகள் இருக்கும். ஆனால் படித்தால் சொல் வராது. தூரிகை பிடித்தவருக்கு அந்த எழுத்து தெரியாது, வாங்கப் போகிறவருக்கு அது பிடிக்கும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு கிண்ணத்திலும் தூரிகை எவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது என்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் போட்டுத் தள்ளிய கை அது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஏற்றுமதிச் சரக்கு.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டிகள் சிலர் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். சரக்கு சீனாவுடையது, காலம் ஒன்பதாம் நூற்றாண்டு, பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல், இவை உறுதி. அப்படித் தைக்கும் முறை அரபிக் கடலோரத்துக்கு உரியது. கட்டிய இடம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அரபுப் பகுதி என்பார்கள், இந்தியாவும் இருக்கலாம் என்பார்கள். பாரசீக வளைகுடாவை நோக்கிப் போனது என்பது நல்ல ஊகம், ஆனால் ஊகம்தான். ஏனென்றால் மலாக்கா நீரிணை வழியாகப் போக வேண்டிய கப்பல் அவ்வளவு தெற்கே பெலித்தோங்கில் என்ன செய்தது என்பது இன்னும் புதிர். தைத்த கப்பல் அவ்வளவு தூரம் தாங்குமா என்று மகள் கேட்டால், 2010-இல் ஓமான்காரர்கள் அதே முறையில் ஒரு கப்பலைக் கட்டி மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் வரை ஓட்டியே வந்தார்கள் என்று சொல்லுங்கள். கப்பலுக்குள் அன்னாசிப்பூவும் கிடைத்தது. பிரியாணியில் போடுகிற அதே பூ.

மூன்றாவது கேள்வியை இங்கேயும் விட்டுவிடாதீர்கள். இந்தச் சரக்கைக் கடலிலிருந்து எடுத்தது தொல்லியல் துறை அல்ல, இந்தோனேசிய அனுமதியோடு வந்த தனியார் நிறுவனம். 2005-இல் சிங்கப்பூர் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. லாபத்துக்காக எடுத்த பொருளைக் காட்சிக்கு வைப்பது சரியல்ல என்று தொல்லியலாளர்கள் எதிர்த்ததால், வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியக நிறுவனம் நடத்தவிருந்த கண்காட்சி 2011-இல் தள்ளிப்போடப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. என் சொந்தக் கருத்து: சரக்கு துண்டு துண்டாக ஏலத்தில் சிதறாமல் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவசரமாக அள்ளியெடுத்தால் எந்தப் பொருள் எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விடுகிறது. அதை எந்தப் பணம் கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

மாடிக்குப் போனால் சமயக் கலை அரங்குகள். தந்தத்தில் செதுக்கிய மாதா, குழந்தை இயேசு உருவங்களைப் பார்த்துவிடுங்கள். மணிலாவில் ஸ்பானியருக்காகச் சீனச் செதுக்குநர்கள் செய்தவை, கோவாவிலும் இலங்கையிலும் போர்த்துக்கீசியருக்காக உள்ளூர்க் கைகள் செய்தவை என்று இந்த வகையே ஒரு தனி உலகம். மாதாவின் கண்ணிமையையும் துணி மடிப்பையும் பார்த்தால், செதுக்கியவர் அதற்கு முன் எந்தத் தெய்வத்தைச் செதுக்கிப் பழகியிருப்பார் என்று ஊகிக்கத் தோன்றும். மேல் தளத்தில் துணி அரங்கு. சோழமண்டலக் கரையில் சாயமிட்டு, தென்கிழக்காசியச் சந்தைக்கென்றே வடிவம் மாற்றி அனுப்பிய துணிகள் இந்த ஊர்த் தொகுப்புகளில் உண்டு. எந்த நாளில் எந்தத் துணி வெளியே இருக்கும் என்று சொல்ல முடியாது. துணியும் காகிதமும் வெளிச்சம் பட்டால் வெளுக்கும், அதனால் சில மாதம் காட்டிவிட்டு உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். அந்த அரங்குகள் ஏன் இப்படி மங்கலாக இருக்கின்றன என்று எல்லாரும் கேட்பார்கள். 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் விளக்கு போடக் கூடாது என்பது பொதுவான கணக்கு. மாமனாருக்குக் கண்பார்வை குறைவென்றால் உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள், கண் பழகிக்கொள்ளும்.

தென்னிந்திய வெண்கலங்கள் இருக்கும் அரங்கில் ஒரு கதையைத் தெரிந்துகொண்டு நிற்பது நல்லது. 2007-இல் இதே அரும்பொருளகம் நியூயார்க் கலை வணிகர் ஒருவரிடம் 6,50,000 அமெரிக்க டாலர் கொடுத்து உமா பரமேஸ்வரி சிலை ஒன்றை வாங்கியது. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து திருடுபோனது என்பது பின்னால் தெரியவந்தது. அந்தக் கோயில் சிலைகளை அடையாளம் காண, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள் உதவின. 2015-இல் சிங்கப்பூர் சிலையை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதே கோயிலின் நடராஜரை அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியா திருப்பித் தந்திருந்தது. இதனால் இங்கே இருக்கும் எல்லாச் சிலையும் திருட்டுச் சிலை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களையும் அடிக்கடி பார்க்கிறேன். காலனி ஆட்சிக் காலத்தில் வந்தவை உண்டு, குடும்பங்கள் கொடுத்தவை உண்டு, முறையாக வாங்கியவை உண்டு. ஒரு சின்ன வழி சொல்கிறேன்: விளக்கச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அதன் முதல் நான்கு இலக்கம் அந்தப் பொருள் தொகுப்பில் சேர்ந்த ஆண்டு. தாங் கப்பல் பொருள்களில் 2005 என்று தொடங்குவதைப் பார்ப்பீர்கள். அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எந்த ஊர் மியூசியத்திலும் பயன்படும்.

அடுத்தது தேசிய கலைக்கூடம். ஆசிய நாகரிக அரும்பொருளகத்திலிருந்து நடந்தே போய்விடலாம், பத்து நிமிடம்கூட ஆகாது. 1929-இல் முடிந்த நகர மண்டபத்தையும் 1939-இல் திறந்த உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து 2015 நவம்பரில் கலைக்கூடமாக்கினார்கள். 64,000 சதுர மீட்டர். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் போன விடுமுறை கதைதான் திரும்பவும் நடக்கும். மூன்று ஓவியம் போதும், உண்மையாகவே. நான் கூட்டிப்போகும் குழுவுக்கும் ஒரு மணி நேரத்தில் ஆறு ஏழுக்கு மேல் காட்டுவதில்லை.

முதலாவது, சுவா மியா தீ 1959-இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு'. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் மொழி கற்கிறார்கள், ஆசிரியர் நின்றுகொண்டிருக்கிறார். பின்னால் கரும்பலகையில் இரண்டு கேள்வி எழுதியிருக்கிறது: உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய்? எந்த மொழிப் பாடப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்கும் கேள்விகள்தான். ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ், வெவ்வேறு கரைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த இரண்டுக்கும் புதிய மொழியில் பதில் தேடுகிறார்கள் என்று யோசித்தால், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுவீர்கள். நீங்கள் தேடும் 'கலப்பு' இந்த ஊரில் ஏதோ இயல்பாக நடந்துவிட்டது போலச் சிலர் பேசுவார்கள். இந்த ஓவியத்தில் அது ஒரு வீட்டுப்பாடமாக இருக்கிறது. முகங்களைப் பாருங்கள், யாரும் படத்துக்காகச் சிரித்துக்கொண்டு உட்காரவில்லை.

இரண்டாவது, சியோங் சூ பியெங் 1978-இல் வரைந்த கருவாடு காயப்போடும் பெண்கள். அரங்குக்குப் போகும் முன் பணப்பையிலிருந்து ஐம்பது வெள்ளித் தாளை எடுத்துத் திருப்புங்கள். பின்பக்கத்தில் இதே ஓவியம் சின்னதாக அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் சென் வென் சியின் வாலில்லாக் குரங்குகள், கீழே கொம்பாங் என்னும் மலாய்ப் பறை, பீப்பா என்னும் சீன நரம்புக் கருவி, வயலினோடு நம் வீணையும் உண்டு. தாளையும் ஓவியத்தையும் வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் மகளுக்குப் பதினைந்து நிமிடம் போவதே தெரியாது. சியோங் சீனாவில் பிறந்து வந்தவர், பயிற்சியும் அங்கேதான். 1952-இல் லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி ஆகியோரோடு பாலித் தீவுக்குப் போய் வந்த நால்வரில் ஒருவர். சீன மையும் மலாய்க் கடலோரக் காட்சியும், நிழல்கூத்துப் பொம்மை போல நீண்ட கைகால்களும் ஒரே சட்டத்துக்குள் சேர்ந்திருக்கின்றன.

மூன்றாவது, ராடென் சாலே 1849-இல் வரைந்த காட்டுத்தீ. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம், நான்கு மீட்டர் அகலம். தீ துரத்த, புலியும் காட்டு மாடும் மலை விளிம்புக்கு வந்து நிற்கின்றன, சில விழுகின்றன. வரைந்தவர் ஜாவாக்காரர், ஐரோப்பாவில் ஓவியம் கற்றவர், படத்தைக் கொடுத்தது நெதர்லாந்து அரசருக்கு. மூன்று கேள்விக்கு மூன்று ஊர் என்று சொன்னேனே, இது அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஓவியங்கள் சில நேரம் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய்விடும், அதனால் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள்.

அங்கே மாமனாருக்குக் கட்டடமே போதும். 1945 செப்டம்பர் 12-இல் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டது நகர மண்டபத்தில்தான்; 1959-இல் லீ குவான் யூ பிரதமராகப் பதவியேற்றதும் அங்கேதான். நீதிமன்றப் பக்கத்தில் கைதிகளை வைத்திருந்த அறைகளில் இரண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். அடிக்கல்லுக்குக் கீழே 3000-ஆம் ஆண்டில் திறக்கச் சொல்லி ஒரு பேழையும் புதைத்திருக்கிறார்கள், அதில் 1937-இன் நாளிதழும் நாணயமும் இருக்கின்றன.

தேசிய அரும்பொருளகத்தைப் பற்றி இரண்டு விஷயம். 1887-இல் திறந்த அழகான கட்டடம், ஆனால் சில ஆண்டுகளாகச் சீரமைப்புப் பணி நடப்பதால் பகுதி பகுதியாக மூடித் திறக்கிறார்கள். போகும் முன் அவர்களுடைய இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, 'சிங்கப்பூர்க் கல்'. உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும்: "சிங்கப்பூரில் ராஜேந்திர சோழன் கல்வெட்டு". இதைப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். ஆற்றின் வாயில் ஒரு பெரிய மணற்கல் பாறை இருந்தது, அதில் சுமார் ஐம்பது வரி எழுத்து இருந்தது, 1843-இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள், ஒரு துண்டு மிஞ்சி இங்கே இருக்கிறது. இதெல்லாம் உறுதி. ராஜேந்திரன் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்ததைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது, அதுவும் உறுதி. ஆனால் இந்தத் துண்டில் இருக்கும் எழுத்தை இதுவரை யாரும் முழுமையாகப் படித்ததில்லை. பழைய ஜாவானிய எழுத்து வகை என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. காலத்தைப் பத்திலிருந்து பதினான்காம் நூற்றாண்டு வரை எங்கே வேண்டுமானாலும் வைக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வாளர் அதில் 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் சில எழுத்துகள் தெரிவதாகச் சொன்னார். சுவையான யோசனை, நிரூபணமான முடிவு அல்ல. தமிழன் என்ற முறையில் எனக்கும் ஆசைதான், ஆனால் ஆசை ஆதாரம் ஆகாதே. பக்கத்து மலையான ஃபோர்ட் கேனிங்கில் 1920-களில் மண் தோண்டும்போது கிடைத்த பதினான்காம் நூற்றாண்டுத் தங்க நகைகளும் இந்தத் தொகுப்பில்தான் இருக்கின்றன. அதில் ஒரு தோள்வளையில் 'காலா' எனப்படும் ஜாவா பாணிக் காவல் முகம் இருக்கும். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வந்த பிறகுதான் இந்த ஊர் தொடங்கியது என்று யாராவது சொன்னால் அந்த வளையைக் காட்டுங்கள்.

பெரனாக்கான் அரும்பொருளகம் சின்னது, ஒரு மணி நேரத்தில் முடியும், நகையும் பீங்கானும் பிடித்தவர்களுக்கு நல்ல இடம். ஐரோப்பியப் பாசிமணியை வைத்து இங்குள்ள பெண்கள் பின்னிய செருப்புகளை உங்கள் மகள் விட மாட்டாள். பெரனாக்கான் என்றாலே சீன வம்சாவளி என்று நினைப்பார்கள். மலாக்காச் செட்டிகளும் பெரனாக்கான்தான். தமிழ் வணிகர் வழி வந்தவர்கள், வீட்டில் மலாய் பேசுவார்கள், கும்பிடுவது மாரியம்மனை. அவர்களுக்கும் உள்ளே இடம் இருக்கிறது.

இப்போது நுழைவுச்சீட்டே தேவைப்படாத ஓர் இடம். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. நம் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டவர் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் 1828-லிருந்து 1830 வரை கட்டியது, இப்போது மரபுடைமை நிலையம். கீழ்ப்பகுதியில் ஐரோப்பியத் தூண்கள், மேலே மினாராக்கள். சில அடி நடந்தால் ஹொக்கியன் சீனர்கள் 1842-இல் கட்டி முடித்த தியான் ஹோக் கெங் கோயில். அதன் தெய்வம் மாசு, கடலோடிகளைக் காப்பவள். இன்னும் கொஞ்சம் தள்ளி, தமிழ் முஸ்லிம்கள் குச்சுப் பள்ளி என்று அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல். எல்லாம் ஏன் ஒரே தெருவில் வரிசையாக இருக்கின்றன என்று சுற்றிப் பார்த்தால் புரியாது, சுற்றிலும் அடுக்குமாடி அலுவலகங்கள்தான். கடலைத் தூர்ப்பதற்கு முன் இந்தத் தெருதான் கரை. தோணியிலிருந்து இறங்கினவர், நாகப்பட்டினத்துக்காரரோ சீனாவின் ஃபுஜியான்காரரோ, உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல முதலில் கண்ணில் பட்ட இடத்தில் கட்டியவை இவை. காலை ஒன்பது ஒன்பதரைக்குப் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் வெயில் தாங்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும்.

அங்கிருந்து லிட்டில் இந்தியா போய் இந்திய மரபுடைமை நிலையம். கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறந்தார்கள். திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் "நம் சாமான்களை இங்கே வந்து பார்க்கணுமா" என்று தவிர்ப்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு நிலைவாசல் ஒன்று இருக்கிறது, ஐயாயிரம் நுண்ணிய செதுக்கல் என்பது நிலையத்தார் சொல்லும் கணக்கு. காரைக்குடியில் இதைப் போன்றது எத்தனையோ பார்த்திருப்பீர்கள். ஆனால் கப்பல் கூலிகளும் சிப்பாய்களும் வட்டிக்கடைச் செட்டியார்களும் ஆசிரியர்களும் இங்கே வந்து என்ன ஆனார்கள் என்ற பகுதி நம் ஊரில் எங்கேயும் இப்படி ஒரே இடத்தில் இல்லை. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களைப் பற்றிய பகுதியில் மாமனாரை அவசரப்படுத்த வேண்டாம்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தால் நல்லது, ஆசிய நாகரிக அரும்பொருளகம் அன்று இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், மாலையில் கூட்டமும் குறைவு. பகலில் கலைக்கூடம், நடுவில் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு, பிறகு இது. இரண்டாம் நாள் காலை தெலுக் ஆயர், மதியம் இந்திய மரபுடைமை நிலையம். ஒரே கட்டடத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கால் வலிப்பது நடப்பதால் அல்ல, நின்று நின்று நகர்வதால். ஒவ்வொரு அரங்கிலும் பெஞ்சு எங்கே என்று முதலில் பார்த்து வையுங்கள், சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முகப்பில் கேளுங்கள். குளிர்சாதனம் பொருள்களுக்காக வைத்தது, மனிதருக்காக அல்ல, ஆளுக்கு ஒரு சால்வை இருக்கட்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். சுற்றுலாப் பயணிக்குக் கட்டணம் உண்டு, குழந்தைக்கும் முதியவருக்கும் சலுகை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விளக்கச் சீட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தன்னார்வ வழிகாட்டிகளின் சுற்றுலாவுக்கு நுழைவுக் கட்டணத்துக்கு மேல் எதுவும் கொடுக்க வேண்டாம், நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். மகள் வரைந்து பார்க்க ஆசைப்பட்டால் பென்சில் மட்டும் கொடுத்தனுப்புங்கள், பேனாவைப் பார்த்தால் காவலர் ஓடி வருவார்.

மாமனார் விஷயம். செருப்போடு சாமி முன் நிற்பது அவருக்கு உறுத்தும் என்கிறீர்கள். அரங்குக்குள் செருப்பைக் கழற்ற விட மாட்டார்கள், பாதுகாப்பு விதி. ஆனால் கைகூப்பி நிற்பதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. பௌத்தர்கள் புத்தர் முன் நிற்கிறார்கள், நம்மவர்களும் நிற்கிறார்கள், பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். பூ, விபூதி, எண்ணெய் எதுவும் கண்ணாடியின் அருகே கொண்டு போகக் கூடாது, தொடக் கூடாது, அவ்வளவுதான். அவருக்கு அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் அந்த ஓர் அரங்கை மட்டும் நீங்களும் மகளும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆற்றைப் பார்த்த பக்கத்தில் உணவகம் இருக்கிறது, அவர் அங்கே காபி குடித்துக்கொண்டிருக்கட்டும்.